டெம்பரவரி நம்பரில் திறந்த அஞ்சல்பெட்டி

1

ஜெர்மனிக்கு வந்து இந்தக் கோடையோடு ஒன்பது வருடம் முடிகிறது. ஊரில் இருக்கும் தோழிகள், "இத்தனை வருஷ அனுபவத்தை எழுதேன்" என்றார்கள். எழுதலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அதற்குள் என் கைப்பேசியைத் துவைத்துவிட்டேன்.

உண்மையிலேயே துவைத்தேன். மகள் மித்ராவின் மழைக்கோட்டுப் பைக்குள் அது கிடந்தது. எங்கள் குடியிருப்பில் எல்லாருடைய துணி துவைக்கும் இயந்திரமும் கீழே நிலவறையில் வரிசையாக இருக்கும். அது சுற்றி முடித்ததும் போய்த் திறந்தேன். போன் மிகச் சுத்தமாக இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

மறுநாள் புதுப் போன் வாங்கிச் சிம்மைப் போட்டேன். மின்னஞ்சல் முகவரியை அடித்தேன், கடவுச்சொல்லை அடித்தேன். கடவுச்சொல் சரிதான். ஆனாலும் திரை விடவில்லை. இது நீங்கள்தானா, உங்கள் இன்னொரு சாதனத்தில் ஒரு கேள்வி வந்திருக்கும், அங்கே பதில் சொல்லுங்கள் என்றது.

இன்னொரு சாதனம் என்று துவைத்த போனைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தது. மறுபடி முயன்றேன், மறுபடி மறுத்தது. வேறு வழி உண்டா என்று பார்த்தேன். உண்டு, உங்கள் தொலைபேசி எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம் என்றது. அப்பாடா என்று பார்த்தால், அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டியது. அது என் எண் இல்லை. அப்பாவின் எண்ணும் இல்லை.

"யாரு நம்பர் இது?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் கணவர்.

"என்னோடதுதான்," என்றேன். "ஒரே ஒரு நாள் என்னோடதா இருந்துச்சு."

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, அந்தச் சலுகையில் சேலத்தில் பொறியியல் சேர்ந்தவள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. இன்று இங்கே லாரிகளின் பிரேக்கைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறேன். அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். அப்பா கட்டுகிறார், நான் நிறுத்துகிறேன் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், எல்லாரும் மறுநாளே மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் போன் இல்லை. சூரமங்கலத்தில் பிரான்சிஸ் அண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய், அப்பாவின் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறக்கப் பார்த்தேன். இந்த எண் ஏற்கெனவே பலமுறை பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று திரை கைவிரித்தது.

அப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். "நம்ம பட்டறை பெயின்டரு கேட்டான், குடுத்தேன். வெல்டரு கேட்டான், குடுத்தேன். வெல்டரு மச்சான் கேட்டான். நம்பருதான சாமி, குடுத்தா கொறஞ்சா போயிரும்?" என்றார்.

குறைந்துதான் போயிருந்தது. அவருடைய எண்ணில் அவருடைய மகளுக்கே இடமில்லை.

பிரான்சிஸ் அண்ணன் சிரித்துக்கொண்டே தன் கணினியில் ஒரு தளத்தைத் திறந்தார். "ஒரு வெர்ச்சுவல் நம்பர் எடுத்துக்கலாம்மா. சிம் கிடையாது, போன் கிடையாது. இன்டர்நெட்டுக்குள்ளயே இருக்கற நம்பர். கோடு இங்க ஸ்கிரீன்லயே வந்து விழும். பாத்து அடிச்சுட்டா வேலை முடிஞ்சுது" என்றார். ஏதோ ஒரு நாட்டின் எண் வந்தது. குறியீடு வந்து விழுந்தது. என் பெயரில் ஓர் அஞ்சல்பெட்டி திறந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. "அட, டெம்பரவரி நம்பருங்கற" என்றார்.

பட்டறைக்கு லாரி முழு லாரியாக வராது. சட்டகமும் இன்ஜினும் சக்கரமும் மட்டும் சேசிஸாக வரும். அதற்கு ஒரு தற்காலிகப் பதிவு எண் கொடுத்திருப்பார்கள். பாடி கட்டி முடித்து, அதிகாரி பார்த்து, அதற்குப் பிறகுதான் நிரந்தர எண். "பாடி கட்டற வரைக்கும் அது போதும் அம்மிணி. அப்பறம் மறக்காம மாத்திக்கோணும்" என்றார்.

நான் மாற்றவில்லை. இதற்காக என்னை நான் குறை சொல்லிக்கொள்ளப் போவதில்லை. அன்று எனக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது, அது கிடைத்தது. அந்த முகவரிக்குத்தான் கல்லூரித் தேர்வு முடிவு வந்தது, இங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது, வேலை வந்தது. பாடி கட்டிக்கொண்டே இருந்தேன். ரோட்டில் ஓடவும் தொடங்கிவிட்டேன். எண்ணை மட்டும் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

3

இப்போது திரை கேட்டது, கேட்கவே கூடாத வாரத்தில்.

இந்த ஊரில் ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேரும் நாள் கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். குழந்தையின் உயரத்துக்குப் பாதியாவது இருக்கும் ஒரு காகிதக் கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் அடைத்துக் கையில் கொடுப்பார்கள். தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்திப் பள்ளி முற்றத்துக்கு வருவார்கள். மித்ரா இந்த வருடம் முதல் வகுப்பு. அவள் பால்வாடித் தோழிகளுக்கு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் வருகிறார்கள். "என்னோட அப்புச்சியும் அம்மாயியும் போன்ல வருவாங்க" என்று என் அப்பா அம்மாவைப் பற்றி அவள் அங்கே சொல்லியிருக்கிறாள். ஆசிரியை என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை. அன்றே தீர்மானித்தேன், நேரில் வருவார்கள் என்று.

அதற்கான காகித வேலைகளை ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். அவர்கள் செலவுக்கு நானே பொறுப்பு என்று இங்கே அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் ஜெர்மன் பெயர் ஒரே சொல்தான், ஆனால் ஒரே மூச்சில் சொல்ல வராது. அங்கே நான் ஒரு தப்பும் செய்தேன். ஜெர்மன் மொழியில் முப்பத்தேழு என்பதை ஏழும் முப்பதும் என்று திருப்பிச் சொல்வார்கள். என் எண்ணை அவசரமாகச் சொன்னபோது முப்பத்தேழு எழுபத்துமூன்று ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்து அதிகாரி சொன்னார்: "உங்களை மூன்று முறை கூப்பிட்டோம். மூன்று முறையும் ஒரு கறிக்கடைக்காரர் எடுத்தார். நல்ல மனிதர்." அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பத்திரம் கிடைத்து ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. சென்னையில் விசா மையத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நேரம் கிடைப்பது அதைவிடப் பெரும் பாடு. தினமும் காலையில் பார்த்துப் பார்த்து ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அந்த நேரத்தை உறுதிசெய்து வந்த கடிதத்தை அச்செடுத்துக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் பள்ளி திறந்த பிறகுதான். கடிதம் இருந்தது என் அஞ்சல்பெட்டியில். முன்பதிவுத் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால், அதற்கான இணைப்பும் அதே பெட்டிக்குத்தான் போகும். எல்லாச் சாவியையும் ஒரே வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

முயன்று முயன்று செவ்வாய்க்கிழமையும் வந்துவிட்டது.

4

பிரான்சிஸ் அண்ணனைத் தேடிப் பிடித்தேன். அதே இடத்தில் இப்போது ஆதார் திருத்தமும் ரயில் டிக்கெட்டும் பார்க்கிறார்.

"யாரு, நாமக்கல் சுகன்யாவா? ஜெர்மனியில இருக்கறதாச் சொன்னாங்களே!"

"ஆமாண்ணா. அன்னைக்கு மெயில் திறக்க ஒரு நம்பர் எடுத்துக் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"எத்தனை பேருக்கு எடுத்தேன், எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது? ஏன், இப்ப அதுக்கென்ன?"

"அதுக்குத்தான் கோடு போகுதாம்."

அண்ணன் வெடித்துச் சிரித்தார். "ஏம்மா, பத்து நிமிஷத்துக்கு எடுத்த நம்பரை இன்னுமா வெச்சிருக்க? பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டு டெல்லி வரைக்கும் போயிருக்கியே!"

அவரால் செய்ய எதுவும் இல்லை. அந்தத் தளமே மூடிப் பல வருடம் ஆகிவிட்டதாம்.

இந்த இடத்தில், இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெர்ச்சுவல் எண் திருட்டு வேலை அல்ல. நானே இன்றும் பயன்படுத்துகிறேன். பழைய சைக்கிளை விற்க விளம்பரம் கொடுக்கும்போதும், வாடகை வீடு தேடும்போதும், அதற்கென்று ஒரு தனி அஞ்சல் கணக்கை அப்படித்தான் திறந்தேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சொந்த எண் எதற்கு? ஆனால் அது வாடகை எண். சில தளங்களில் அந்த எண்ணுக்கு வரும் செய்தியை வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காசு கொடுத்து எடுத்தால், கட்டுவதை நிறுத்தியதும் அது இன்னொருவருக்குப் போகும்.

அப்பாவின் உவமை இங்கே கொஞ்சம் உடைகிறது. சேசிஸின் தற்காலிக எண்ணை இன்னொரு வண்டிக்கு மாட்ட மாட்டார்கள், காலம் முடிந்தால் அது செல்லாது, அவ்வளவுதான். வாடகை எண் அப்படிச் சாவதில்லை. வேறு யார் கைக்கோ போய் அங்கே உயிரோடு இருக்கும். நம் வாழ்க்கை முழுவதையும் அடைத்து வைத்திருக்கும் பெட்டிக்கு அந்த எண்ணைப் பூட்டாகப் போடக் கூடாது.

5

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். புதுப் போனில் அந்த வசதி மட்டும் என் எண்ணை வைத்து வேலை செய்தது. வியாழக்கிழமைப் பயணம் சிக்கலில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா முந்திக்கொண்டார்.

"நல்லவேளை கூப்பிட்ட சாமி. உங்கப்பனை என்னன்னு கேளு. நேத்திருந்து போனைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. சோறு திங்கறப்பக்கூடக் கீழ வெக்கறதில்ல. இன்னைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லிப்போட்டாரு!"

"நீ சித்தெ சும்மா இரு," என்று அப்பா அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ பயந்துக்குவேன்னு சொல்லல அம்மிணி. எவனோ ஒருத்தன் உன்ற பேருல உள்ள வரப் பாக்கறான். ஜெர்மனில இருந்துதானாட்ட இருக்குது, போன்லயே போட்டுக் காட்டுது. நான் உடுவனா? வர வர 'இல்லை, இது நான் இல்லை'ன்னு அமுக்கி அமுக்கித் தொரத்தி உட்டுட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சில வருடத்துக்கு முன்னால் விடுமுறையில் போனபோது அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தேன். அவர் எண்ணில் புதுக் கணக்குத் திறக்க அப்போதும் முடியவில்லை. சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று என் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்தேன். அதை நான் மறந்தேவிட்டேன். திரை சொன்ன "இன்னொரு சாதனம்" நிலவறையில் செத்துப்போன என் போன் இல்லை. நாமக்கல்லில் அப்பாவின் மடியில் இருந்தது.

"அப்பா," என்றேன், "அந்த எவனோ ஒருத்தன் நான்தான்."

"நீயா?"

"நான்தான்பா."

"அய்யய்யோ!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஏனுங்க, பெத்த புள்ளையவே ஊட்டுக்குள்ள உடாம வாசல்ல நிறுத்திப்போட்டீங்களே!"

அப்பா முகம் சுருங்கவில்லை. "நீதான சாமி சொன்ன? எது வந்தாலும் 'ஆம்'ன்னு அமுக்காதீங்க, ஏமாத்திப்போடுவானுகன்னு?"

சொன்னேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாடமாகச் சொன்னேன். என் மாணவர் என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்.

6

அப்பாவின் போனிலேயே அஞ்சலைத் திறந்து கடிதத்தை எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தச் செயலியை இடம் போதவில்லை என்று முன்பே நானே நீக்கியிருந்தேன். மறுபடி ஏற்றச் சொன்னேன், இப்போதும் இடமில்லை என்றது. பட்டறைக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்கள் மொத்தத்தையும் அடைத்திருந்தன. "அதை அழிச்சுப்போடாத, எல்லாம் சாமி படம்" என்றார் அம்மா.

அதைவிட, வரும் கேள்விக்கு "ஆம்" என்று ஒருமுறை அமுக்குவதே எளிது. ஆனால் திரை இப்போது எச்சரித்தது. பலமுறை மறுக்கப்பட்டதால் இன்னும் ஒரே ஒரு முறைதான். அதுவும் தவறினால் கணக்குப் பல நாளுக்குப் பூட்டப்படும். பல நாள் என்றால் வியாழக்கிழமை போய்விடும்.

கணவரின் மடிக்கணினியை மித்ரா முன்னால் வைத்தேன். போனில் அப்பா முகம்.

"அப்பா, இப்ப வரும். 'ஆம்'ன்னு அமுக்குங்க."

அப்பா அசையவில்லை. "இரு அம்மிணி. நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னப்பா, என் முகம் தெரியலையா?"

"மூஞ்சியும் கொரலும்கூட இப்ப டூப்ளிகேட் பண்றானுகன்னு போன மாசம் நீதான சொன்ன? என்ற புள்ள 'என் முகம்'ன்னெல்லாம் பேசாது. 'என்ற மூஞ்சி'ம்பா."

"கிழிஞ்சுது," என்றார் அம்மா. "அவ காலேஜு போன நாளாவே இப்படித்தான் பேசறா. உங்களுக்குத்தான் காதுல ஏறல. வேணும்னா கொஞ்சம் சீண்டிப் பாருங்க. கோவம் வந்தா நம்ம புள்ள."

"அப்பா!" என்றேன். "மாசக்கணக்காக் காயிதத்தைத் தூக்கிட்டு ஆபீசு ஆபீசா அலைஞ்சிருக்கறேன். வெசாழக்கெழமை போச்சுன்னா எல்லாம் போச்சு. அங்க உக்காந்துட்டு என்னை இன்டர்வியூ எடுக்கறீங்களா? அமுக்கித் தொலைங்கப்பா!"

அப்பா முகம் மலர்ந்தது. "நம்முளுதுதான்" என்றார் அம்மாவிடம். "இந்தக் கோவத்தை எவனும் டூப்ளிகேட் பண்ண முடியாது."

மடிக்கணினியிலிருந்து கேள்வியை அனுப்பினேன். அங்கே "ஆம்" அமுக்கினார். வேலை முடிந்தது என்று நினைத்தால், மடிக்கணினியில் ஓர் எண் வந்தது. அப்பாவின் போனில் மூன்று எண்கள் காட்டும், அதில் இதே எண்ணைத் தொட வேண்டும். மித்ரா உற்சாகமாகப் படித்தாள். தமிழில்தான் படித்தாள், ஆனால் ஜெர்மன் பள்ளிக்குப் போகப்போகும் பிள்ளையின் தமிழ்.

"அப்புச்சி! நாலு அறுபது!"

"நாலு அறுபது இருநூத்தி நாப்பதாச்சே?" என்றார் அப்பா. பலகையும் அடியும் பெருக்கிப் பழகிய மனிதர். "இங்க இருநூத்தி நாப்பது இல்லையே. நாப்பத்தாறு இருக்குது. அதானாட்ட இருக்குது..."

அவர் விரல் இறங்குவது திரையில் தெரிந்தது.

"அப்பா, தொடாதீங்க!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "அறுபத்தி நாலு! அறுபத்தி நாலுப்பா!"

விரல் அந்தரத்தில் நின்றது. மெல்ல நகர்ந்தது. இறங்கியது.

அஞ்சல்பெட்டி திறந்தது. மேலிருந்து ஆறாவதாக அந்தக் கடிதம் இருந்தது.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று மித்ரா என்னைப் பார்த்தாள். இந்த ஊருக்கு அவள் சொன்னது சரி. அவளுக்கு இரண்டு ஊர் இருக்கிறது, இரண்டிலும் எண்ணத் தெரிய வேண்டும் என்று அன்றிலிருந்து தினமும் சாப்பிடும்போது தமிழில் எண்கள் சொல்லிப் பழகுகிறோம். அவள் மொழி நழுவுகிறதே என்று அழும் ஆள் இல்லை நான். நழுவினால் பிடித்துக்கொள்ளலாம்.

7

அன்றே அந்த வாடகை எண்ணை நீக்கினேன். என் எண்ணைப் போட்டேன், மாற்று எண்ணாக அப்பாவுடையதைக் கொடுத்தேன். இம்முறை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒருவேளை வெல்டரின் மச்சான் தன் கணக்கை மூடியிருக்கலாம்.

வியாழக்கிழமை இருவரும் சென்னை போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், பயணச் செலவு யாருடையது என்று கேட்டாராம். "என்ற புள்ளைதுங்க. லாரிக்கு பிரேக் பாக்கற இன்சினீருங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அத்தோடு நிறுத்தாமல், இங்கே ரோட்டில் ஓடும் எந்த லாரிக்கும் தானே பாடி கட்டியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். "அது தேவையாங்க?" என்று அம்மா ரயில் ஏறும் வரை திட்டினாராம். இரண்டு வாரத்தில் முத்திரையோடு பாஸ்போர்ட் வந்தது.

8

பள்ளி முற்றத்தில் நல்ல வெயில். அம்மா பட்டுச்சேலை, அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மித்ரா கூம்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். "இவங்கதான், நேர்ல வந்துட்டாங்க" என்று தோழிகளிடம் ஜெர்மனில் சொன்னாள்.

தலைமை ஆசிரியை ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் கேட்ட குழந்தை படியேறி ஆசிரியையிடம் போக வேண்டும். குடும்பத்தார் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நான்கு வரிசை, எல்லாரும் நெட்டை ஆட்கள். அப்பா எக்கி எக்கிப் பார்த்தார்.

"நாமளும் அவகூட உள்ள போலாமா?"

"இல்லப்பா. அவ மட்டும்தான்."

"அப்பறம் எதுக்கு நம்மள இத்தனை தூரம் வரச் சொன்னாங்க?"

"அவ உள்ள போறதை நின்னு பாக்கறதுக்குத்தான்பா."

என்னை நாமக்கல்லில் பள்ளியில் சேர்த்த நாளில் அப்பாவுக்கு நின்று பார்க்க நேரம் இருக்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்குப் போனார். இப்போது அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தானா? அப்ப இங்க நின்னா என்ன தெரியும்? வா அம்மிணி, முன்னால போயி நிப்போம்."

"அப்பா, இங்க அப்படியெல்லாம் போகக் கூடாது" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. "சித்தெ தள்ளுங்க சாமி, நம்ம பேத்திங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். நெட்டை மனிதர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து, சிரித்து, வழிவிட்டார்கள். நானும் அம்மாவும் அவருக்குப் பின்னால் போனோம்.

மித்ராவின் பெயரை வாசித்தபோது நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றிருந்தோம்.